சரோஜா அக்காவிடம் சொல்லாமல் வந்தது

நெஞ்சுக்குள் சீழ் கட்டி, குழாய் வைத்து எடுத்து, பிழைத்து வந்தவள் நான். அது எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார் எங்கள் ஊர் பள்ளிக்கூடத்து வாத்தியார். மலையில் ஊசிக்கும் குழாய்க்கும் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமலே செத்துப்போகிறார்கள், பிழைத்த ஆள் எழுதினால் படித்துக் காட்டலாம் என்றார். நான் ஐந்தாவது வரை படித்தவள். நோயைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கூடவே வேறு ஒன்றும் வருகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் காளியம்மா. ஊர் ஜவ்வாது மலையில். ஜமுனாமரத்தூரில் இறங்கி இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. எமர்ஜென்சி முடிந்த வருஷம், சாமைக் கதிர் முற்றுகிற சமயத்தில் காய்ச்சல் வந்தது.

காய்ச்சலோடு காட்டுக் காவலுக்குப் போனேன். நாலாம் நாள் வலது பக்க விலாவில் குத்தல். மூச்சை இழுத்தால் பாதியில் நின்றுவிடும். இருமும்போது விலாவைக் கையால் பிடித்துக்கொள்வேன். பூசாரி கயிறு கட்டினார். இரண்டு நாள் குறைந்தது. மறுபடி ஏறியது. அப்புறம் படுக்கவே முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினேன்.

என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கித் தூக்கிப் போனார்கள். ஜமுனாமரத்தூரில் ஒரு நர்சம்மா முதுகில் குழல் வைத்துக் கேட்டார். விரலால் முதுகைத் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் காலிக் குடம் மாதிரி சத்தம் வந்தது. வலது பக்கம் நிறைகுடம் மாதிரி சத்தமே இல்லை.

"இன்னிக்கே கீழ கொண்டு போங்க. நாளைக்குன்னு வெச்சிக்காதீங்க" என்றார்.

மலைப்பாதை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் என் வீட்டுக்காரர் என் விலாவைத் தன் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே வந்தார். குழந்தையை அவர் அண்ணியிடம் விட்டிருந்தோம்.

மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். யாரோ ஒருத்தி நான் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து தன் முறையை எனக்குக் கொடுத்தாள். அவள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. சேலை பச்சை.

எக்ஸ்ரே எடுக்கிறவர் கழுத்தில் இருக்கிற கருகமணியைக் கழற்றச் சொன்னார். எங்களுக்குத் தாலி அதுதான். நான் கழற்றவில்லை. "கழட்டு. நான் இங்கதான கீறேன்" என்றார் என் வீட்டுக்காரர். கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்கில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. கறுப்புதான் நோய் என்று நினைத்தேன்.

"கறுப்பா இருக்கறது காத்தும்மா. அது நல்ல பக்கம். இந்த வெள்ளைதான் சீழ்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நுரையீரல் காற்றுப் பை. அதற்கும் விலா எலும்புக்கும் நடுவில் கொஞ்சம் இடம் உண்டு. சளிக்காய்ச்சல் முற்றினால் சில பேருக்கு அந்த இடத்தில் சீழ் நிறைந்துவிடும். பை விரிய இடம் இருக்காது. அதனால்தான் மூச்சு பாதியில் நிற்கிறது. மாத்திரை மட்டும் கொடுத்தால் போகாது. வெளியே வடிக்க வேண்டும். முதலில் ஊசி போட்டு இழுத்துப் பார்த்தார்கள். திரிந்த மோர் மாதிரி மஞ்சளாக வந்தது. நாற்றம். காசநோயாக இருக்குமோ என்று மூன்று நாள் காலையில் என் சளியை வாங்கிப் பார்த்தார்கள். அது இல்லை என்றார்கள்.

குழாய் வைக்கிறது பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். விலாவில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிறகு இரண்டு எலும்புக்கு நடுவில் கீறி ரப்பர் குழாயை உள்ளே விடுவார்கள். வலி தெரியாது. அழுத்தம் தெரியும். யாரோ முழங்காலை வைத்து ஏறுகிற மாதிரி. குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி பாட்டிலில், தண்ணீருக்குள் இருக்கும். உள்ளே இருக்கிறது அதில் இறங்கும். வெளிக்காற்று உள்ளே போகாமல் அந்தத் தண்ணீர் தடுக்கும். பாட்டில் எப்போதும் தரையில்தான் இருக்க வேண்டும். மேலே தூக்கினால் தண்ணீர் திரும்பி நெஞ்சுக்குள் போய்விடும். இதை என்னிடம் நர்ஸ் இரண்டு முறை சொன்னார். என் வீட்டுக்காரர் அப்போது அங்கே இல்லை. சாமை அறுக்க மலைக்குப் போயிருந்தார். அறுக்காவிட்டால் அந்த வருஷம் சோறு இல்லை.

பெண்கள் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சரோஜா அக்கா. மலையடிவாரத்து ஊர். பீடி சுற்றுகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதயத்தில் இறங்கிவிட்டது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என் நெஞ்சுல ஒரு கதவு சரியா மூடலியாம். கொண்டி போன கதவாட்டம் தடதடன்னு அடிச்சிக்குது. வேணும்னா காத வெச்சி கேளு, காசு வாங்க மாட்டேன்" என்றாள் முதல் நாளே.

நான் கேட்கவில்லை. சும்மா பார்த்தேன்.

"இன்னாமே மலைக்காரி, வாய ஊர்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

எனக்குப் பேச்சு வராது. அப்போதும் வராது, இப்போதும் வராது. அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். வலது கையைத் தூக்க முடியாமல் நான் தலை வாராமல் கிடந்தேன். "இப்டி திரும்பி குந்து. பேன் எறங்கி நடந்து வருது" என்று தன் கட்டிலில் உட்கார்ந்தபடியே எட்டி வாரிவிட்டாள். அவளுக்குக் கொடுக்கிற பாலில் பாதியை என் டம்ளரில் ஊற்றுவாள். நுரையீரல் விரிய வேண்டும் என்று எனக்கு ஒரு பலூன் கொடுத்து ஊதச் சொல்லியிருந்தார்கள். வெட்கமாக இருக்கும். நான் ஊதுகிறவரைக்கும் அவள் விடமாட்டாள். "ஊது, திருவிழாவுக்கு விக்கலாம்" என்பாள்.

குழாய் வைத்த எட்டாம் நாள் பகல். பார்க்க வருகிறவர்களை விடுகிற நேரம். என் வீட்டுக்காரர் அறுப்பு முடித்து வந்தார். காலில் காட்டு மண் அப்படியே இருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி உடம்பில் இருந்து வருகிற எதையும் யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் நோய் இறங்காது என்பார்கள். அவர் வந்து பார்த்தபோது பாட்டில் தரையில் இருக்கிறது. தரை துடைக்கிற அம்மா அதைத் தாண்டிப் போகிறாள். அவர் முகம் மாறிவிட்டது. குனிந்து, இரண்டு கையாலும் சாமி விளக்கை எடுக்கிற மாதிரி, பாட்டிலைத் தூக்கினார். கட்டில் உயரத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்.

குழாயில் மஞ்சள் தண்ணீர் என்னை நோக்கி ஏறி வருவதைப் பார்த்தேன். கீழே வை என்று சொல்ல வேண்டும். சொல்ல மூச்சு இல்லை. அவர் கையைப் பிடித்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பதறினார். பாட்டில் நழுவி விழுந்து உடைந்தது.

குழாயின் முனை வெறுமனே தொங்கியது. நான் மூச்சை இழுத்தேன். உஸ் என்று காற்று விலா வழியாக உள்ளே போனது. வாயால் இழுத்த காற்று எங்கும் போகவில்லை. அடுத்த மூச்சிலும் அப்படியே. கண்ணுக்கு முன்னால் வார்டு சின்னதாகிக்கொண்டே போனது.

சரோஜா அக்கா கட்டிலை விட்டுக் குதித்தாள். அதற்கு முன் அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. உடைந்த கண்ணாடி மேலேயே மிதித்து வந்தாள். குழாயைப் பிடித்து, பீடியின் முனையை மடிக்கிற மாதிரி ஒரே மடிப்பாக மடித்து, கட்டைவிரலால் அழுத்தினாள். காற்று நின்றது.

"யோவ், நிக்காத. சிஸ்டர கூப்புடு. ஓடு" என்றாள் என் வீட்டுக்காரரிடம்.

நர்ஸ் வந்தார். புது பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுத்து வர வேண்டும். குழாயை இறுக்கிப் பிடிக்கிற கவ்வி எங்கேயோ இருக்கிறது, தேடுகிறார்கள். அதுவரைக்கும் அக்கா என் கட்டில் பக்கத்தில் குந்தியபடியே இருந்தாள். நர்ஸ் தான் பிடித்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினார். "மாத்தும்போது வுட்டுட்டா? நானே வெச்சினு இருக்கேன். நீ போயி பாட்டில பாரு" என்றாள். அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. கழுத்து நரம்பு துடித்தது. குதிகாலில் இருந்து ரத்தம் தரையில் ஓடியது.

"பயப்படாதமே. ஒரு நாளைக்கி ஆயிரம் பீடி மடிக்கிற வெரலு. ஒன் கொழாய வுட்டுருமா?"

கால் மணி நேரம் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது. அவள் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போய் இருந்தது மட்டும் தெரியும். புகையிலைக் கறை படிந்த விரல்.

பாட்டில் வந்தது. குழாயை மாட்டினார்கள். அக்காவால் எழ முடியவில்லை. தூக்கிப் படுக்க வைத்தார்கள். இரண்டு நாள் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். டாக்டர் வந்து அவளைத் திட்டினார். "உன்னை யார் இறங்கச் சொன்னது?"

"நீங்க வர்ற வரிக்கும் அவ இருக்கணுமே சார்" என்றாள்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் நன்றி என்று வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. அது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற சொல். எனக்கு ஒருத்தி களை எடுத்தால் அவளுக்கு நான் களை எடுப்பேன். பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தி வந்தால் அவள் மகள் பிள்ளைப்பேற்றுக்கு நான் போவேன். வாயால் சொன்னால் அதோடு தீர்ந்துபோய்விடும், செய்ய வேண்டியது நின்றுவிடும் என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். அதனால் சொல்ல மாட்டோம். அக்காவுக்கு என்ன செய்வது என்று நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலைத்தேன் கொண்டுவந்து தருவது என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் கழித்து எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது தரலாம்.

இருபத்திரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். மூச்சை அடக்கச் சொல்லி ஒரே இழுப்பு. மேலே தையல். அதிலும் பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நாளைக்கி போம்போது எதுனா சொல்லிட்டுப் போவியா, இல்ல கொரங்காட்டம் முழிச்சினே போவியா?"

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். எனக்கு அப்படித்தான் பழக்கம்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வந்தார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். என் காதருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார். "யார்கிட்டயும் போய்ட்டு வர்றேன்னு சொல்லாத. திரும்பிப் பாக்காத. யாரு கண்ணயும் பாக்காத." நோய்ப் படுக்கையை விட்டுப் போகிறவள் அப்படித்தான் போக வேண்டும். சொல்லிக்கொண்டு போனால் அந்தப் படுக்கை திரும்பக் கூப்பிடும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மகள் இருந்தாள். அவளிடம் போக வேண்டும்.

எழுந்தேன். தரையைப் பார்த்து நடந்தேன்.

"காளியம்மா" என்றாள் அக்கா.

நடந்தேன்.

"மே, மலைக்காரி."

கால் நின்றது. முன்னால் போனவர் திரும்பாமலே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் நடந்தேன். வாசல் வரைக்கும் ஏழு கட்டில். மூன்றாவது தடவை கூப்பிடுவாள் என்று ஒவ்வொரு கட்டிலிலும் நினைத்தேன். கூப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனேன். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் கறுப்பு. டாக்டர் சிரித்தார். தேன் பாட்டிலைத் துணியில் சுற்றி வார்டுக்குக் கொண்டுபோனேன். அந்தக் கட்டிலில் வேறு ஒரு கிழவி படுத்திருந்தாள்.

நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ போன ஒம்பதாம் நாளும்மா" என்றார். நான் ஒன்றும் கேட்காமலே அவரே சொன்னார், "அந்த வால்வு எப்படியும் தாங்கியிருக்காது. நீ மனசுல வெச்சிக்காத." அவர் சொன்னது மெய்யாக இருக்கலாம். எனக்கு ஆறுதலுக்காகவும் இருக்கலாம். நான் டாக்டரிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும்.

ஊர் பெயர் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். அக்காவின் தங்கை வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அதே கை. அதே மடிப்பு. நான் யார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நீதானா அந்த மலைக்காரி."

"ஆமாங்க."

"அக்கா கேட்டுகினே இருந்தா. கொரங்குன்னு சொன்னேன், கோச்சிக்கினு பூட்டா, ரெண்டு தரம் கூப்புட்டும் திரும்பல, வெளையாட்டுக்குதான சொன்னேன்னு. கடைசி வரிக்கும் அதயேதான் சொல்லிகினு இருந்தா. நா போயி மன்னிப்பு கேக்கணும், மலைக்கி எந்த பஸ்ஸுன்னா."

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னார். நான்தான் திரும்பக் கூடாது என்றேன் என்றார்.

"எங்க ஊர்லயுந்தான் ஆஸ்பத்திரில வர்றேன்னு சொல்ல மாட்டோம். ஒரு பார்வ பாத்துட்டுப் போவோம்" என்றாள் அவள்.

தேனைக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தேனு அவளுக்கு ஆவாது. திகட்டும்பா." பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். "நீ குடுத்திருந்தா குடிச்சிருப்பா" என்றாள்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "அவங்களாலதாங்க நான் உசுரோட கீறேன்" என்றேன்.

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"இத என்கிட்ட வந்து சொல்றியே."

அந்த வருஷத்தில் இருந்து இன்றைக்கு வரைக்கும், சாமை உலர்த்தும்போதோ புளி உலுக்கும்போதோ, பின்னால் இருந்து இரண்டு தடவை கூப்பிடுகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். பயமாக இல்லை. திரும்பாமல் மட்டும் இருக்க முடியாது.

அக்காவின் தங்கையைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்த அன்றே வாயால் சொல்ல ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். "ஒன்னாலதான் ஆச்சு. என்ன தூக்கினு போன" என்றேன். அவர் பயந்துவிட்டார்.

"இன்னா, மறுபடி காய்ச்சலா? சாவப் போறவ மாதிரி பேசற."

அவர் அண்ணியிடம் போனேன். என் மகளை ஒரு மாதம் வைத்திருந்தவள். "ஒன்னாலதான் அக்கா எம் பொண்ணு எளைக்காம கீறா" என்றேன். அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். வேலை செய்வதையும் நிறுத்தவில்லை. களைக்குக் களை, அறுப்புக்கு அறுப்பு, போகிறேன். கூடவே வாயாலும் சொல்கிறேன். அன்றைக்கே. சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொள்வதில்லை. பஸ்ஸில் இடம் கொடுக்கிறவளுக்கு, மூட்டையைத் தூக்கிவிடுகிறவருக்கு, குழம்புக்கு மிளகாய் கொடுக்கிறவளுக்கு. எங்கள் ஊரில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பிள்ளைகள் என்னைப் போலவே பேசிக் காட்டுகிறார்கள். காட்டட்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு. விலாவில் குத்தல் வந்து மூச்சு பாதியில் நின்றால் கயிறு கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். கீழே போங்கள். குழாய் வலிக்காது. பாட்டிலைத் தூக்கக் கூடாது என்று கூட வருகிற எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போகும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். அந்தப் படுக்கை என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. பார்த்திருந்தாலும் கூப்பிட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் புளி மூட்டையோடு சந்தைக்குப் போனேன். ஏற்றத்தில் தையல் போட்ட இடம் இழுத்தது. உட்கார்ந்துவிட்டேன். எங்கோ வெளியூர்க்காரப் பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், ஒன்றும் கேட்காமல் மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மேடு வரைக்கும் வந்து இறக்கினாள். இறக்கியதும் வேகமாக நடந்தாள்.

"ஒன்னாலதாம்மா ஆச்சு" என்றேன்.

அவள் போய்க்கொண்டே இருந்தாள். காற்று என் பக்கம் அடித்தது, அவளுக்குக் கேட்டிருக்காது. பின்னால் ஓடினேன். ஓடக் கூடாது, மூச்சு வாங்கும். ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்தேன்.

"இன்னா ஆயா?" என்று பயந்து திரும்பினாள்.

"நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?"

"இன்னா சொன்ன?"

மறுபடி சொன்னேன்.

"இதுக்கா ஓடியாந்த? வுழுந்துச்சு, வுழுந்துச்சு" என்று சிரித்தாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். மெய்யாகவே விழுந்திருந்தது. அப்புறம்தான் விட்டேன்.